அத்தை அறுக்காத செடி

எங்கள் அத்தையைப் போல் பதம் பார்க்கிறவர் திருவிடைமருதூர்ப் பக்கத்திலேயே கிடையாது. ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே அறுத்துவிட வேண்டும், தாமதித்தால் உதிர்ந்துவிடும் என்பார். அப்படிப்பட்டவருக்குக் கொல்லையில் நின்ற ஒரே ஒரு கஞ்சாச் செடியின் பதம் மட்டும் தெரியவில்லை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

செடி மாமாவுக்காக வைத்தது. முந்தின அறுவடையில் நடந்த கூலிச் சண்டையில் பண்ணைக்காரர்களின் அடியாட்கள் அவர் முழங்காலை உடைத்துவிட்டார்கள். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊரில் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடப்பார். கோயில் வாசல் பரதேசி ஒருவர் இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை கஞ்சா கொடுத்தார். அதைப் புகைத்த மாமா, தடியை ஊன்றிக்கொண்டு நேரே கூலிக்காரர் சங்கக் கூட்டத்துக்கு நடந்துவிட்டார். அவர் திரும்பி வருகிறவரை அத்தை வாசலிலேயே நின்றார். ஆனாலும் அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், பரதேசியிடம் விதை வாங்கி வைக்கோல் போருக்குப் பின்னால் ஊன்றினார்.

ஐப்பசியில் செடி பூத்தது. பூவில் வெள்ளை வெள்ளையாக மயிர் இருக்கும், அது பழுப்பேறினால் அறுக்கலாம் என்று பரதேசி சொல்லியிருந்தார். மாமாவால் கொல்லைக்குப் போக முடியாது. படுத்த இடத்திலிருந்து தினமும் கேட்பார்.

“இன்னும் வெள்ளையாத்தாங்க இருக்கு,” என்பார் அத்தை.

மார்கழியில் நான் போய்ப் பார்த்தபோது வெள்ளையையே காணோம்.

“பழுத்துருச்சே அத்தை,” என்றேன்.

“நெல்லு வேற, இது வேற. நீ போய் விளையாடு.”

பாவம், அத்தைக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தையில் பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுப்புக்கு இறக்கினார்கள். கூலி கூட்டித் தராமல் அறுக்க விடமாட்டோம் என்று எங்கள் ஜனங்கள் வரப்பில் போய் மறித்து நின்றார்கள். மாமாவும் கிளம்பப் பார்த்து, வாசற்படியிலேயே விழுந்தார். “நீ இரு அண்ணே, நான் போறேன்,” என்று அவர் தம்பி ஓடினார். அவரைச் சாயங்காலம் கயிற்றுக்கட்டிலில் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. அப்போதுதான் அவருக்கு மீசை அரும்பியிருந்தது.

கருமாதி முடிந்த பிறகு அத்தை செடியை அறுத்தார். உலர்த்தி, கசக்கி, உள்ளங்கையில் வைத்து மாமாவிடம் நீட்டினார். மாமா கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவரும் வயலில் வளர்ந்தவர்தானே.

“இது மார்கழியிலேயே ஆயிருச்சுல்ல?”

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வலி விட்டா நீங்க சண்டைக்குப் போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க.”

மாமா அத்தையின் விரல்களை மடக்கி, அந்தக் கையை மூடித் தள்ளினார். பிறகு எத்தனையோ வருஷம் அந்த வலியோடுதான் இருந்தார். ஒருநாளும் அதைத் தொடவில்லை. அத்தை கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு செடி கொஞ்சம் முற்றிப்போனதற்கு ஒரு மனுஷர் இவ்வளவு கோபப்படலாமா என்று, அந்த வயதில் எனக்கு மாமாவின் மேல்தான் கோபம் வந்தது.