டேஸ்டர் சாரின் குவளை

வெள்ளை எனாமல் குவளை. விளிம்பில் நீலக் கோடு. கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து, கறுப்பாக, ஏதோ ஒரு தீவின் வரைபடம் போலத் தெரியும். அது எந்தத் தீவு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எதிரே இருப்பவர் அதிகம் பேசாதவராக இருந்தால் மனிதன் இப்படித்தான் பூகோளம் படிக்க வேண்டியிருக்கும். சந்திரகிரி தாண்டி, திருப்பதி மலை முழுதாகத் தெரிகிற ஒரு மேசையில், சனிக்கிழமை மத்தியானங்களில், அந்தக் குவளை எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும். என் முன்னால் இருக்கும் பீர் குடிப்பதற்கு. அவர் முன்னால் இருக்கும் பீர் ருசி பார்ப்பதற்கு. நடுவே இருக்கும் குவளை துப்புவதற்கு.

சித்தூரில் நாங்கள் வேலை பார்த்த மாங்கூழ் ஆலையில் அவரை எல்லோரும் டேஸ்டர் சார் என்றுதான் கூப்பிட்டோம். கொதித்து இறங்கும் ஒவ்வொரு கூழிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அனுப்பி, பிறகு அந்தக் குவளையில் துப்புவார். ஒரு நாளைக்கு நூறு தடவை விழுங்கினால் நூற்றியோராவது தடவை நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கணக்கு. துப்பிவிட்டு என்னிடம் தீர்ப்பு சொல்வார். "இன்னிக்கி கூழு மொறைச்சிக்கினு கீதுப்பா" என்பார். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தாவான நான், புளிப்பு இம்மியளவு கூடுதல் என்று அதை ஆங்கிலமாக்குவேன். "நேத்து மழைல நனைஞ்ச பழம், அழுதுக்கினு கீது" என்பார். நீர்ச்சத்து சற்று அதிகம் என்று எழுதுவேன். இருபத்திரண்டு பருவங்கள் இப்படி ஓடின. அவருடைய நாக்கில் பிறந்து என் பேனாவில் செத்த வாக்கியங்களை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. எங்கள் சபையில், பிள்ளைகளை முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின வாரம் பிள்ளைகளின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். மிஷன் காலத்து வழக்கம். மதுபானத்தைக் குடிக்கமாட்டேன் என்று அதில் அச்சிட்டிருக்கும், கீழே கையெழுத்து. நானும் போட்டேன். என் கையெழுத்து அப்போது அவ்வளவு தெளிவாக இராது. ஆகவே அது செல்லாது என்று கல்லூரி முதல் வருஷத்திலேயே எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். அவர் அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு, திருமணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

ஊரடங்குக் காலத்தில் வந்த காய்ச்சல் எல்லோரிடமிருந்தும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போயிற்று. அவரிடமிருந்து மூக்கை வாங்கிக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாங்காய்ப் பருவம் தொடங்கியதும் வழக்கம்போல வந்தார், கரண்டியை வாயில் வைத்தார், துப்பினார், "நல்லா கீது" என்றார். எல்லாக் கூழும் நல்லாத்தான் இருந்தது. அவர் அப்படிச் சொல்பவரே இல்லை என்பது எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு காலை, வாசலில் நுழையும்போதே புளித்த வாடை என் மூக்கில் அடித்தது. பழம் கழுவும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இரவெல்லாம் தொட்டியில் கிடந்து பொங்கிவிட்ட கூழ். அதன் எதிரே கரண்டியோடு நின்றவர், "கொஞ்சம் புளிப்பு. போவட்டும்" என்றார். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குவளையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "சூடு தெரியுது. சில்லுனு இருந்தா தெரியுது. உப்பு, புளிப்பு, கசப்பு, எல்லாம் தெரியுது. மாம்பழந்தான் தெரில." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு சீசன் மொதக் கூழ நான் வாயில வெக்கணும்பா. அப்பாலே எது போனாலும் போவட்டும்" என்றார். டாக்டர், மூக்கு தானாகத் திரும்பினால் உண்டு, அதுவரை விதவிதமாக எதையாவது முகர்ந்து பழகுங்கள் என்று சொல்லியிருந்தாராம். அவர் மனைவி தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் அவர் மூக்கின் கீழே பிடித்தார். "காத்துதான் வருது" என்பதுதான் பதில்.

அந்தச் சமயத்தில்தான் பீர் காய்ச்சும் பெண் எனக்குப் போன் செய்தாள். நகரி ஊர்க்காரி, நெசவுக் குடும்பம். எங்கோ வெளிநாட்டில் பீர் காய்ச்சுவதையே படிப்பாகப் படித்துவிட்டு வந்து, திருப்பதி சாலையில் சின்னதாக ஓர் ஆலையும் அதை ஒட்டி ஒரு பீர்க்கடையும் வைத்திருந்தாள். எங்களிடம்தான் தோத்தாபுரி மாங்கூழ் வாங்குவாள். அவள் செய்தது நமக்குத் தெரிந்த பீர் அல்ல. மாங்கூழ் பீர், கேழ்வரகு பீர், வெல்லம் போட்ட கறுப்பு பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைத்த பீர். கடைசியாகச் சொன்னது ஜெர்மனியில் பழங்காலம் தொட்டு உண்டாம். எனக்கு அது ரசத்தின் தூரத்து உறவாகத்தான் பட்டது. "ருசி பாத்துச் சொல்றதுக்கு நல்ல நாக்கு ஒண்ணு வேணும் சார்" என்றாள். ஜில்லாவிலேயே சிறந்த நாக்கை அழைத்து வருகிறேன் என்றேன். மூக்கைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சனிக்கிழமை பீர் குடிக்க எனக்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் குவளையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "குடிக்கமாட்டேன்னுதான் கையெழுத்து போட்டேன். துப்பமாட்டேன்னு போடல" என்றார்.

அந்தப் பேருந்துப் பயணங்களை இப்போது நினைத்தால் நானே பாதித் தூக்கத்தில் கண்டவை போலிருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் நகரும். பாறைக் குன்றுகள் வெயிலில் மெல்ல உருகிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். வண்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள். மஞ்சள் துணி, மல்லிகை, மடியில் உறங்கும் குழந்தைகள். அவர் மூடிய கண்களோடு, மடியில் குவளைப் பையோடு, அவர்கள் எல்லோரையும்விடப் பக்திமானாக இருப்பார். ஒருநாள் பக்கத்துச் சீட்டுத் தெலுங்கு அம்மாள், "கொண்டக்கா?" என்று, மலைக்கா என்று கேட்டாள். "இல்லம்மா, அடிவாரத்தோட சரி" என்றார் பொய் சொல்லத் தெரியாதவர். அவள் என் தலையைப் பார்த்துவிட்டு, நான் ஏற்கெனவே முடியைக் காணிக்கை செலுத்திவிட்டவன் என்று முடிவு செய்துகொண்டாள். நான் மறுக்கவில்லை. என் வழுக்கைக்கு அதுவரை யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

முதல் வாரம் மாங்கூழ் பீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டுச் சும்மா இருந்தார். கறுப்பு பீருக்கும் அப்படியே. உப்புப் புளிப்பு பீர் வந்தது. வாயில் வைத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் திரும்பி வந்தது. "உப்பு ஒரு சிட்டிகை ஜாஸ்தி. புளிப்பு மொதல்ல ஓடி வருது, அப்பால வெக்கப்பட்டுக்கினு நின்னுடுது. அத்த நிக்க உடாதம்மா" என்றார். அவள் குறித்துக்கொண்டாள். வாசனை பற்றிக் கேட்கும்போது மட்டும் அவர் என்னைப் பார்ப்பார். நான் முகர்ந்து சொல்வேன். எனக்கு மூக்கு உண்டு. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியாது. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மழை விட்ட கொய்யாத் தோப்பு என்றேன். புதுப் புத்தகத்தின் நடுப்பக்கம் என்றேன். இருபத்திரண்டு பருவங்கள் அடக்கிவைத்த உவமையெல்லாம் அந்த மேசையில் அவிழ்ந்து விழுந்தது. அடுத்த வாரம் போனால் அவை கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. "இன்னாப்பா இது, பீரா, கல்யாணப் பத்திரிகையா" என்றார் அவர்.

இப்படி ஏழெட்டு மாதம். தை முடிந்து தோப்புகள் பூத்தன. மாம்பூ வாசனையில் பேருந்தே மிதந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். பருவம் தொடங்க இன்னும் சில மாதங்களே இருந்தன.

அந்தச் சனிக்கிழமை அவள் புதிதாக ஒன்று கொண்டுவந்தாள். முளைகட்டிய பார்லியை மாங்கட்டைப் புகையில் உலர்த்திக் காய்ச்சியது. செம்பு நிறம். எனக்கு அடுப்படிச் சுவரை நக்கியதுபோல இருந்தது. பலகைக்கு வேறு மாதிரி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். கன்னங்கள் அசையவில்லை. மலைப் பக்கம் திரும்பினார். வெயில் மலையின் மடிப்புகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாய்லர் பத்த வெச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பருவத்தின் முதல் நாள் விடியலில், வெட்டிய பழைய மாமரங்களின் கட்டையைப் போட்டு எங்கள் ஆலையின் பாய்லரைப் பற்றவைப்பார்கள். சித்தூரே அந்தப் புகையில்தான் விழிக்கும். அவர் குவளையைக் கையில் எடுத்தார், உள்ளே பார்த்தார், என்னிடம் காட்டினார். காய்ந்திருந்தது.

"எங்கப்பா போச்சி?"

"உள்ள போச்சி சார்."

அவர் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். நான் குவளையில் இருந்த தீவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பேருந்தில் அவருக்கு அரைகுறையாக, விட்டு விட்டு, உலகம் வரத் தொடங்கியது. யாரோ வைத்திருந்த லட்டு, கற்பூரம், டீசல். ஒவ்வொன்றையும் பழைய நண்பர்களைப்போலப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிக்கொண்டே வந்தவர், பாகாலா தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, "இந்தச் சட்டைய தோய்ச்சி எத்தினி நாளாச்சி?" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக மகிழ்ச்சியான அவமானம் அது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், வாக்கு மீறிவிட்டேன் என்று சொன்னார். போதகர் எவ்வளவு என்று கேட்டாராம். "ஒரு வாய்." மூக்கு திரும்பியதற்கு முதலில் ஸ்தோத்திரம் பண்ணுவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று போதகர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அந்த அப்புறம் வரவேயில்லை. இவராகவே புது அட்டை கேட்டு வாங்கி, மறுபடி கையெழுத்துப் போட்டு, பழையதன் மேலேயே வைத்துக் கண்ணாடிக்குள் மாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை எல்லா பீரையும் முதன்முறையாக முகர்ந்து பார்த்தார். மாங்கூழ் பீரை மூக்கருகே கொண்டுபோனவர், "இத்தயா இத்தினி மாசமா வாயில வெச்சிக்கினு இருந்தேன்?" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்தாள். "பர்வாலேது சார். மொத வாரமே தெரியும். நீங்க கிளாஸ மூக்குகிட்ட எடுத்துக்கினு போகவேயில்ல. எனக்கு உங்க புளிப்பும் உப்பும்தான் வேணும். வாசனைக்கு என் மூக்கு கீது." பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த சார் சொன்னதெல்லாம் பலகைக்கு நல்லா இருந்தது" என்றாள். இலக்கியத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

அதன்பின் அவர் அங்கே வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. ஆலைக்காரர்களே வீட்டுக்கு வந்து அழைத்துப்போனார்கள். கேட்டது ஒரு பருவம், கிடைத்தது இரண்டு. இரண்டிலும் முதல் கூழ் அவர் வாயில்தான். இரண்டாவது பருவம் முடிந்து தோப்புகள் ஓய்ந்திருந்தபோது, உறக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி அந்தக் குவளையை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். "எவ்ளோ தேச்சாலும் அந்த வாட போவல தம்பி. நீங்களே வெச்சிக்கோங்க" என்றார்.

இன்று சனிக்கிழமை. புகை பீர் வருஷத்துக்கு ஒருமுறைதான் காய்ச்சுகிறாள். போன் செய்து சொல்லியிருந்தாள். அதே மேசை, அதே மலை. குவளையை எதிரே வைத்தேன். யாரும் அது எதற்கென்று கேட்கவில்லை. கண்ணை மூடி, ஒரு வாய் வைத்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். எனக்குப் புகைதான் வருகிறது. பாய்லர் வரவில்லை. ஒருமுறையாவது அவரைப்போலத் துப்பிப் பார்க்கலாம் என்று குவளையைக் கையில் எடுத்தேன். அதற்குள் பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டிருந்தேன்.

உள்ளே பார்த்தேன். காய்ந்திருந்தது.