வயர்லெஸ் செட்டோடு ஒருவர்

அன்று துறைமுகத்து டீக்கடையில் கடைக்காரர் இருந்தார். மீன் லாரி டிரைவர் இருந்தார். ஐஸ் ஏற்ற வந்த நான் இருந்தேன். விசைப்படகு ஓட்டுகிற ஒருவரும் இருந்தார்.

வெயிலில் கறுத்த முகம், சிவந்த கண். கரையிலும் வயர்லெஸ் செட்டைக் கீழே வைக்கமாட்டார். டீ குடிக்கும்போதும் அது காதோடு இருக்கும். அவர் தம்பி போன படகு இரண்டு நாளாகப் பதில் சொல்லவில்லை.

லாரி டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே, “வெளிச்சத்த விட வேகமாட்டு போற கப்பல் வரப்போவுதாம். நட்சத்திரத்துக்கே போயிரலாம் மக்கா” என்றார்.

“ஒமக்கு லாரிய நேரத்துக்குக் கொண்டுவர முடியல்ல. நட்சத்திரமாக்கும்!” என்றார் கடைக்காரர்.

படகுக்காரர் சிரிக்கவில்லை. “வயர்லெஸ் சத்தம் என்ன வேகத்துல போவும்?” என்று கேட்டார்.

“வெளிச்சத்துக்க வேகந்தான்” என்றார் டிரைவர்.

“அப்ப கப்பலு வேகமாட்டு போயிரும். கூப்பிடுற சத்தம் பைய வரும். அங்க ஒருத்தன் மாட்டினா யாருக்குத் தெரியும்? யாரு தேடிப் போவா?”

அவர் எழுந்து செட்டில் சொன்னார்: “தம்பிக்க படகத் தேடப் போறேன். வாறவங்க வாங்க.”

எங்கள் பக்கம் ஒரு படகு வயர்லெஸ்ஸில் பதில் சொல்லாமல் போனால், மற்றவர்கள் மீனை விட்டுவிட்டுத் தேடப் போவார்கள். டீசல் யாருடையது என்று கேட்பதில்லை. நட்சத்திரத்துக்குப் போகிறவர்களிடம் இந்த வழக்கம் இருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அன்று கிளம்பிய படகுகள் பதினொன்று.