லிங்கசாமி வீட்டுக் கூரையில் இல்லாத ஓட்டை

லிங்கசாமி முப்பத்திரண்டு வருஷம் மலைமேல் வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பில் குழாய் வேலை பார்த்தவர். அங்கே கழிவறைக் குழாய் ஒவ்வொன்றுக்கும் கூரைக்கு மேலே மூச்சுவிட ஒரு வென்ட் பைப் நிற்கும். பாதி அவர் கையால் நிறுத்தியது. சொந்த வீட்டில் மட்டும் அது கிடையாது. மறதி அல்ல, கொள்கை. இந்த மலையில் தகரக் கூரையில் ஓட்டை போட்டால் காற்று போவதற்கு முன்னால் மழை வந்துவிடும் என்பது அவர் கட்சி. சரிவில் இருந்த இருபது வீடுகளில் ஒழுகாத கூரை அவருடையது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொள்ளத் தவறியதும் இல்லை.

கழிவுக் குழாயையும் சரிவு போன போக்கிலேயே செங்குத்தாக இறக்கியிருந்தார். மலையே வாட்டம் கொடுக்கும்போது சரிவு அளக்க ரசமட்டம் எதற்கு?

குடி வந்த இரண்டாம் மாதமே மனைவி சாந்தாமணி சொன்னாள்.

"ஏனுங்க, பாத்ரூம்ல சாக்கடை நாத்தம் வருதுங்க."

லிங்கசாமி போய் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "எனக்கு வர்லியே புள்ள."

"நீங்க வேலைக்குப் போனதுக்கப்புறந்தான் வருது."

இது போதாதா? டீக்கடையில், கூட வேலை பார்த்த சில்வஸ்டரிடம் சொன்னார்: "எங்கூட்டு நாத்தம் மரியாதை தெரிஞ்சதுப்பா. நான் படியெறங்குற வரைக்கும் தலை காட்றதில்ல."

"உங்களப் பார்த்துப் பயப்படறது ஊர்ல அது ஒண்ணாச்சும் இருக்குதே" என்றார் சில்வஸ்டர்.

அந்த வேடிக்கை பதினோரு வருஷம் ஓடியது. சாந்தாமணி வாதாடுகிறவள் அல்ல. அவர் கிளம்பியதும் குளியலறைத் தரையிலிருக்கும் ஓட்டையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடுகிறது என்று தானாகவே கண்டுபிடித்தாள். தினமும் ஊற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணிய ஓட்டைக்கு ஊத்தறியே, அதென்ன செடியா, வளர்றதுக்கு?"

"நாத்தம் நிக்குதுங்க."

"உன்ற மூக்குக்குத்தான் மாத்திரை வாங்கோணும்."

அதன் பிறகு அவர் இல்லாத நேரத்தில் மட்டும் ஊற்றினாள்.

போன வருஷம் ஆனியில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் மலைப்பாதையில், பர்லியாறு தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. காரியம் முடிந்ததும் லிங்கசாமி ஓய்வு பெற்றவருக்கு ஆகாத அளவுக்கு வெளி வேலைகளை ஏற்றுக்கொண்டார். காலையில் குளித்ததும் கிளம்பிவிடுவார். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு வாடை அடிக்கும். ஆள் இல்லாத வீடு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். துக்கத்துக்கு ஒரு வாடை இருப்பதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருஷம் பேரூராட்சி பாதாளச் சாக்கடை போட்டது. வீட்டுக் குழாய்கள் சோதனையில் தேறினால்தான் இணைப்பு. தேறாவிட்டால் பழைய கழிவுக் குழியையும் மூடிவிடுவார்கள். சோதிக்க வந்தவள் ஷண்முகப்ரியா, முப்பது வயதுகூட ஆகாத இன்ஜினியர். லிங்கசாமி அவளுக்குக் கூரையைக் காட்டினார். அவள் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நீங்க தினம் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க ஐயா."

குளித்து மிஞ்சிய தண்ணீரை வீணாக்காமல் கழிவறைக் கோப்பையில் ஒரே வீச்சில் கொட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். வாளியைத் தூக்கிக் கொட்டினார். தண்ணீர் சரிவில் தடதடவென்று ஓடியது. ஓடி முடிந்ததும் தரை ஓட்டையில் 'களக்' என்று ஒரு சத்தம். ஷண்முகப்ரியா குனிந்து டார்ச் அடித்தாள். ஓட்டைக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு, டிராப் என்பார்கள். அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கீழேயிருக்கும் நாற்றத்துக்கு அந்தத் தண்ணீர்தான் கதவு. கிண்ணம் காலியாக இருந்தது.

"வாட்டம் ரொம்ப ஜாஸ்தி. வென்ட்டும் இல்ல. காத்துக்கு வழியில்லாம, போற தண்ணி இதையும் உறிஞ்சிட்டுப் போயிருது" என்றாள். அவருக்கே பாடம் சொல்கிறோமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

லிங்கசாமி குனிந்தார். கிண்ணத்திலிருந்து வாடை மேலே வந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் அடிக்கும் அதே வாடை. தினமும் காலையில் அந்தத் தண்ணீர்க் கதவை உடைத்துப்போட்டுவிட்டுப் போனவர் அவர். ஒரு சொம்பு தண்ணீரால் அதைத் திரும்ப மாட்டியவள் சாந்தாமணி.

ஷண்முகப்ரியா படிவத்தைப் புரட்டினாள். "முன்னாடி யாராச்சும் நாத்தம்னு கம்ப்ளைண்ட் சொல்லியிருக்காங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

'இல்லை' என்று எழுதி, அடியில் 'தேறவில்லை' என்றும் எழுதிவிட்டுப் போனாள்.

வேலைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. தரையை உடைத்தார். குழாயைத் தோண்டி எடுத்து, ரசமட்டம் வைத்து, அடிக்குக் கால் அங்குல வாட்டத்தில் மறுபடி படுக்க வைத்தார். சரிவு மிஞ்சிய இடத்தில் ஒரு தொட்டி கட்டி, தண்ணீரை அதற்குள் விழவைத்துக் கீழே இறக்கினார். ஐந்தாம் நாள் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். துளை போடும் மிஷினைத் தகரத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கீழேயிருந்து சில்வஸ்டர் குரல் கொடுத்தார்: "என்னங்க, கூரைக்கு வாய் வச்சு விடறீங்களா?" லிங்கசாமியின் முகத்தைப் பார்த்ததும் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுவாரம் ஷண்முகப்ரியா வாளி வாளியாகக் கொட்டிப் பார்த்தாள். கிண்ணத்துத் தண்ணீர் லேசாக ஆடிவிட்டு நின்றது. நாற்றம் இல்லை. வாசல் அறையிலும் இல்லை. ஆள் இல்லாத வீட்டின் வாடையும் அதோடு போய்விட்டிருந்தது. வெறும் வீடு மட்டும் மிச்சம்.

"பாஸுங்க ஐயா. கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை வாங்கவில்லை. "போன தடவ ஒண்ணு தப்பாச் சொல்லிட்டனுங்க. கம்ப்ளைண்ட் வந்துச்சு."

"இப்பத்தான் சரியாயிருச்சுங்களே. இனி அந்தக் கட்டம் தேவையில்ல."

"இருக்கட்டும் அம்மிணி. எழுதுங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்பதை அடித்துவிட்டுக் கேட்டாள்: "யாருங்க சொன்னது?"

"சாந்தாமணி. பதினோரு வருஷமா."

கட்டம் சின்னது. பெயருக்குத்தான் இடம் இருந்தது. பதினோரு வருஷத்தை அவள் ஓரத்தில், படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து எழுதினாள்.