கப்பல் வாசலில் ஒரு தீப்பெட்டி

போன வாரம் நானும் என் மனைவி பாக்கியமும் சொகுசுக் கப்பலில் போய் வந்தோம். கோவில்பட்டியில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அதுவும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன்...

கப்பல் சாயங்காலம்தான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த மியூசியத்துக்குள் நுழைந்தோம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது — முழுக்க முழுக்கக் கப்பல் விபத்து! மூழ்கியது, பாறையில் மோதியது, எரிந்தது. கப்பல் ஏறப் போகிறவன் பார்க்கிற இடமா அது?

நடுக்கடலில் எரிந்த ஒரு கப்பலின் படத்தைப் பார்த்து பாக்கியம் நின்றுவிட்டாள்.

"எப்படிப் பிடிச்சுதாம்?"

"எவனோ சரக்கு ரூம்ல தீக்குச்சியக் கிழிச்சிருக்கான்."

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் எங்கள் கம்பெனித் தீப்பெட்டி. பீடி, சிகரெட் எனக்குக் கிடையாது. மற்றவர்கள் விசிட்டிங் கார்டு வைத்திருப்பார்கள். நான் இதை வைத்திருப்பேன்.

"நம்ம தீப்பெட்டி ஆபீஸ் கேட்ல, யாரு வந்தாலும் பையத் தடவித்தான உள்ள விடுதீங்க? இங்கனயும் அப்படி இருக்கணும். இத அவிய பிடிச்சா ஏறுதேன். விட்டுட்டா, நான் ரயிலப் பிடிச்சு ஊருக்குப் போயிருவேன்."

உண்மைதான். முதலாளி ஆனாலும் நாற்பது வருஷமாக வாசலில் நானே நிற்கிறேன். சொந்த மச்சினன் பையிலேயே கைவிட்டவன் நான். இன்றுவரை ஒரு பொறி பறந்ததில்லை.

சாயங்காலம் கப்பல் வாசல். செக்யூரிட்டிப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போங்க சார்."

அவ்வளவுதான். பாக்கியம் பெட்டியைத் திருப்பிவிட்டாள். கப்பலில் போகிறோம் என்று ஊரில் பிளக்ஸ் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எந்த முகத்தோடு திரும்புவது?

"ஏம்மா, பையச் சரியாப் பாத்தியா?"

"பாத்தாச்சு சார்."

"எங்க பாத்த?" தீப்பெட்டியை எடுத்து, லேபிள் தெரிய நீட்டினேன். "இந்தா. நம்ம தயாரிப்பு. மழைக்காலத்துலயும் ஒரே உரசல்தான்."

முகத்தைச் சுளித்து வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் தடவ ஆரம்பித்தாள்... ரெண்டு லைட்டர் சிக்கியது!

பாக்கியம் பெட்டியை மறுபடி கப்பல் பக்கம் திருப்பி ஏறினாள். மேல்தளத்தில் வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, அந்தப் பிள்ள பிடிக்கலையே... பிறகு ஏன் ஏறுன?"

"அவ விட்டுட்டா. நீங்க விடலைல்லா? உள்ள இப்படி ஒரு ஆளு இருந்தாப் போதும்."

மூன்று நாள் கடலில் இருந்தோம். ஒரு பொறி பறக்கவில்லை. காரணம் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?