மண் சரியாத இடம்

அந்த வருஷம் மழை விடவே இல்லை. எஸ்டேட்டில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கை நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது. அடுத்த வீட்டில் இருந்த என் அக்கா, வேறு வீடு கேட்டு மேனேஜர் துரையிடம் போகலாம் என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு அப்போதுதான் கூரைத் தகரம் மாற்றி வாங்கியிருந்தோம். மறுபடியும் போய் நிற்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயிலில் பொங்கல் சாப்பிடும்போது எங்களை வேலை வாங்கும் கங்காணி ஒரு கதை சொன்னார். விறகுவெட்டி ஒருவன் ஒரு மரத்தை வெட்டாமல் விட்டானாம். அதிலிருந்த தேவதை வரம் கொடுத்ததாம். அவன் பெண்டாட்டி ஒழுகாத குடிசை கேட்டாள், கிடைத்தது. ஓட்டு வீடு கேட்டாள், அதுவும் கிடைத்தது. அரண்மனை கேட்டாள். திரும்பிப் பார்த்தால் வீடு நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பேராசைக்குக் கிடைச்ச கூலி," என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "தகரம் கேட்டோம், துரை குடுத்தாரு. அதோட இருக்கணும்லா."

சிலர் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள்.

"அவ மொதல்ல என்ன கேட்டா, கங்காணி?"

"குடிசை."

"நனையாம இருக்க ஒரு எடம். அது பேராசையா?"

"அரண்மனை கேட்டாளேம்மா!"

"நாங்க அரண்மனையா கேக்குறோம்? தலையில மண்ணு விழாத எடம் கேக்குறோம். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க."

சிரிப்பு நின்றுபோனது. கங்காணியின் முகம் இறுகியது. எஸ்டேட் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர், அவளை உட்காரச் சொல் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அசையவில்லை.

ஞாயிறு மத்தியானம், மேட்டை ஒட்டிய என் அடுப்படிச் சுவரோரம் செம்மண் தண்ணீர் கசிந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஓடிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"சாமான் கெடக்கட்டும், ஆளுங்க வெளிய வாங்க!"

திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். கடைசி வீடு கங்காணியுடையது. அவர் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தார். கால் வீங்கிப் படுத்திருந்த அவர் மனைவியை நானும் அக்காவும் இரண்டு பக்கமும் தாங்கி இழுத்து வந்தோம். "மெதுவா, மெதுவா" என்று அவள் அழுதாள். மெதுவாகப் போக நேரமில்லை.

கோயிலை எட்டும்போது பின்னால் மேடு உறுமியது. திரும்பிப் பார்த்தால் லயத்தின் எல்லா அடுப்படிகளும் மண்ணுக்குள் போயிருந்தன. ஆட்களை எண்ணிப் பார்த்தோம். யாரும் குறையவில்லை.

துரை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் எங்களுக்கு வீடு ஒதுக்கினார். சாமான் ஏற்றிய அன்று கங்காணி அக்காவிடம் வந்து, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி லோரியில் வைத்தார்.

"அந்தப் பொம்பள அரண்மனை கேட்டது தப்புதான்," என்றார்.

"சரி. குடிசை கேட்டது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்க வேண்டியதுதான்."

புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலை அக்கா தண்ணீர் கேட்டு எஸ்டேட் ஆபீசுக்குக் கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டினேன். என் வீட்டுக்காரர் குடையை எடுத்து நீட்டினார்.