பள்ளிவாசலில் ஒரு சோதனை ஓட்டம்

கட்டட வரைபடங்களில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓய்வு பெறவில்லை. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் புதுப் பள்ளிவாசல் எழும்பியபோது, காப்பிக் குவளையோடு பால்கனியில் நின்று தினமும் அதைப் பரிசீலித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நல்ல கட்டடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக் கான்கிரீட். சுவர் முழுக்க நட்சத்திர வடிவில் துளைகள். வெயில் வெளியே நின்றுவிடும், காற்று நுழையும். மேல்தளத் தொழுகைக்கூடத்தில் நடுவே ஒரு தூண்கூட இல்லை. கீழ்தளத்தில் கல்யாண மண்டபம், நூலகம், கேன்டீன், சனிக்கிழமைகளில் இலவசக் கிளினிக். வெள்ளம் வந்த வருடம் தாழ்வான பகுதி வீடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த மண்டபத்தில்தான் படுத்தார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பள்ளிவாசல்காரர்கள் கேட்கவில்லை; பாய் போதுமா என்று கேட்டார்கள். இந்துவான நானும் இரத்த அழுத்தம் பார்க்க அங்கேதான் போகிறேன். அரசாங்கக் கிளினிக்கின் வரிசையில் நின்றால் அழுத்தம் தானாக ஏறிவிடுகிறது.

சாய்தளத்தின் சரிவு விதிப்படி சரி. லிஃப்ட்டின் அகலமும் சரி. சக்கர நாற்காலியில் வருபவர் தொழுகைக்கூடத்தின் வாசல்வரை தடையில்லாமல் போகலாம். வாசலில் கம்பளம் தொடங்குகிறது. கம்பளத்தைப் பற்றிக் கட்டட விதிகளில் ஒரு வரியும் இல்லை.

இது என் கீழ்வீட்டுக்காரரின் பிரச்சினை. நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர். நான் பாய் என்று அழைப்பேன். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. மகனுக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தள்ளிக்கொண்டு போவது நான். வழியில் மீன் சந்தைத் தண்ணீர், நாய்கள், எல்லாமே உண்டு. அந்த அழுக்குச் சக்கரத்தைக் கம்பளத்தில் ஏற்ற அவரே சம்மதிக்கவில்லை. கழுவித் துடைத்தால் போதும் என்று இமாமே சொல்லியும் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தபடி ஒலிபெருக்கியைக் கேட்டுத் தொழுதார்.

"செருப்போட செருப்பா உக்காந்திருக்கேன், அண்ணே," என்பார். "ஒரு ஜும்மாவாச்சும் சஃபுல எல்லாரோடயும் சேர்ந்து தொழணும்." சஃபு என்றால் தொழுகை வரிசை. அவருக்கு வேண்டியது அதில் ஓர் ஓரம்.

இளைஞர்கள் நாலு பேர் தூக்கிப் போக முன்வந்தார்கள். "நாலு பேரு தூக்க நான் என்ன மையத்தா? அதுக்கு இன்னும் டைம் இருக்குலா," என்று துரத்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. உள்ளே மூன்று புதுச் சக்கர நாற்காலிகள், பிளாஸ்டிக் உறையோடு. பள்ளிவாசல் செயலாளர் அங்கே நின்றார். தமிழ் முஸ்லிம், தொழிற்சாலை இன்ஜினியர், எதற்கும் அவசரப்படாதவர்.

"உள்ளுக்கு மட்டும் யூஸ் பண்றதுக்கு, அங்கிள்," என்றார். "வாசல்ல மாறி உக்காந்தா போதும். கார்பெட்ல தெரு அழுக்கு படாது."

"அப்புறம் ஏன் தம்பி ஸ்டோர்ல நிக்குது?"

"டத்தோ டொனேஷன். அவரே வந்து கொடுக்கணும்லா. மஜ்லிஸ்னு விழா வைக்கணும், போட்டோ எடுக்கணும். அவரு மக்காவுக்கு உம்ரா போயிருக்காரு. வந்தா புவாசா, நோன்பு மாசம்; பிறகு ராயாப் பெருநாள். அதுக்கப்புறம்தான்."

டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்காகக் காத்திருக்கும் செயலாளரை நான் குறை சொல்லவில்லை. திறந்துவைக்க ஆள் கிடைக்காமல் கட்டி முடித்த பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்ததையும், கயிற்றுக்கு வெளியே ஜனங்கள் மழையில் நின்றதையும் வேலையில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். முறைப்படி அது சரிதான். முறையை உடைக்கக் கூடாது. முறைக்குள்ளேயே இன்னொரு முறை இருக்கும். அதைத் தேட வேண்டும்.

"ஒப்படைக்கிறதுக்கு முன்னால டெஸ்டிங் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"டெஸ்டிங்கா?"

"டத்தோ கொடுக்கிற அன்னிக்குச் சக்கரம் கழண்டு விழுந்தா, போட்டோல யார் மூஞ்சி வரும்?"

இன்ஜினியரின் முகம் மாறியது. சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பாத தொழிற்சாலையில் சம்பளம் வாங்குபவர் அவர்.

"யாரை வச்சு டெஸ்ட் பண்றது, அங்கிள்?"

"நல்ல எடையுள்ள ஆளா வேணும். எனக்கு ஒருத்தரைத் தெரியும்."

யோசித்தார். "ஆனா பிளாஸ்டிக் பிரிக்கக் கூடாது. டத்தோவுக்குப் புதுசாத்தான் இருக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் பாயைப் புது நாற்காலிக்கு மாற்றினோம். பிளாஸ்டிக் சரசரத்தது. செயலாளர் கம்பளத்தின் மேல் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். நான் வெளியே, காலியான பழைய நாற்காலிக்குக் காவலாக நின்றேன். சுவரின் நட்சத்திரத் துளைகள் கண் மட்டத்தில் இருப்பதன் உபயோகம் அன்றுதான் விளங்கியது. முன்வரிசையின் ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள். வரிசை குனிந்தபோது பாயும் உட்கார்ந்தபடியே குனிந்தார். அந்தப் பெரிய கூடத்தில் அத்தனை பேர் சத்தமின்றிக் குனிய, பிளாஸ்டிக் மட்டும் சரசரத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்து வாசலுக்கு வந்த பாயைப் பழைய நாற்காலிக்கு மாற்றினோம். கண்கள் சிவந்திருந்தன. நான் செருப்பு அலமாரியைப் பரிசீலித்தேன்.

செயலாளர் கேட்டார்: "எப்படி இருந்துச்சு, பாய்? டெஸ்ட் ஓகேயா?"

பாய் புது நாற்காலியைக் கை காட்டினார். "வலது சக்கரம் லேசா இழுக்குது. அடுத்த வெள்ளியும் பார்த்தாத்தான் தெரியும்."

இன்ஜினியர் மண்டியிட்டு, காலியான புது நாற்காலியைச் சாய்த்து வலது சக்கரத்தை விரலால் சுண்டினார். அது சத்தமே இல்லாமல், நிற்கும் எண்ணமில்லாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா, பாய்," என்று எழுந்தார். "நல்லாவே இழுக்குது."