படலை தெரிந்த இரண்டு பனைகள்

மடித்தால் தேங்காயளவு, விரித்தால் ஓர் ஆள் நீளம். வெளிநாட்டுச் சிநேகிதன் அனுப்பிய அந்தத் தொங்குபடுக்கையோடு, ஆவணி விடுமுறையில் நெடுந்தீவுக்குப் படகேறினேன். மரத்தில் கட்டிப் படுத்து, கடலைப் பார்த்து, நாலு நாள் சும்மா கிடக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் பெண் கேட்கத்தான் போனேன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், "அப்பாட்டை நீங்களே கேளுங்கோ. அவர் ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தீவுக்குப் போயிருந்தாள். நேரே போய்க் கேட்கிற துணிவிருந்தால் எனக்கு எதற்குத் தொங்குபடுக்கை?

அவள் வீட்டுக்கு எதிரே, கல்வேலிக்கு வெளியே இரண்டு பனைகளில் கட்டினேன். பனை நிறைந்த கரம்பொனில் பிறந்தவன் நான். பழம் விழுகிற காலத்தில் காய்க்காத ஆண்பனை பார்த்துத்தான் கீழே படுக்க வேண்டும் என்பது தெரியாதவனல்ல. அன்றைக்கு மரத்தை யார் பார்த்தார்கள்? அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் படலை, அந்த வேலிக்கதவு, தெரிந்தது. இப்போது மனைவி மேலே ஒரு தடவை பார்த்துத் தலையாட்டாமல் நான் எந்த மரத்திலும் கயிறு போடுவதில்லை.

மாமா, அதாவது அன்றைக்கு இன்னும் மாமா ஆகாத அவள் அப்பா, மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்டிலை இடமில்லையோ தம்பி?"

"காத்து வாங்க வந்தனான் ஐயா."

"பெரிய பிள்ளைக்கு ஏணை" என்று பக்கத்தில் நின்ற பசுவிடம் சொல்லிவிட்டுப் போனார். குழந்தையைச் சீலையில் போட்டு ஆட்டுவதைத்தான் எங்கள் பக்கம் ஏணை என்பது. இரண்டு நாள் அவரோடு பால், காற்று, படகு நேரம் எல்லாம் கதைத்தேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நித்திரை என்னை அப்படியே வாரிக்கொண்டு போனது. ஓலைகள் உரசும் சத்தம் அலையாகிவிட்டது. தூரத்தில் தீவின் காட்டுக்குதிரைகள் தண்ணீரின் மேல் நடப்பதுபோல நடந்தன. நான் படகாகிப் போனேன். யாரோ என்னை மெல்லக் கரைப்பக்கம் இழுத்தார்கள். நானும் இழுபட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சுகம்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் படுக்கை நேரே தொங்காமல் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. அதில் மாட்டுக்கயிறு ஒன்று கட்டியிருந்தது. மறுமுனையைப் பிடித்தபடி கல்வேலியில் மாமா. என் தலை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே ஒரு பனம்பழம் பிளந்து கிடந்தது.

"எழுப்பியிருக்கலாமே ஐயா?"

"ஏணையிலை கிடக்கிற பிள்ளையை எழுப்பினால் அழும்."

எழும்பப் பார்த்தேன், ஏலாது. ஒரு கால் வெளியே, மற்றது துணிக்குள். அவர் கயிற்றை விடவில்லை.

"இந்த மரத்துக்குக் கீழை நிழலுமில்லை, காத்துமில்லை. படலைதான் தெரியும். முதல் நாளே விளங்கினது. கேக்க வந்ததைக் கேளுமன்."

"உங்கடை மகளை எனக்குத் தருவியளோ ஐயா?" ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "இஞ்சாருமப்பா, மாப்பிள்ளைக்கும் சேத்து உலை வையும்."

"வேண்டாம் ஐயா" என்றேன் நான், மிகுந்த மரியாதையோடு. "சாப்பிடப் பாண் வைச்சிருக்கிறன்."

படலையில் நின்ற அவர் மகள் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்தினாள்.